"மொத்தமா எவ்வளவுண்ணே ஆகும்?"

மே மாதம் வந்துவிட்டால் மதுரையில் வேன் வாடகைக்கு விடுபவர்களின் போனில் ஓயாமல் வரும் கேள்வி இது. பதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "கிலோமீட்டருக்கு இவ்வளவு. டிரைவர் பேட்டா தனி, ஹில்ஸ் சார்ஜ் தனி. டோலும் பார்க்கிங்கும் நீங்க பாத்துக்கங்க. மினிமம் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர்." கேட்டவர் "சரிண்ணே" என்று சொல்லி, கையோடு அட்வான்ஸையும் அனுப்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் கணக்கின் முழு உருவம் தெரியும்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். போக வர 240. மேலே சுற்றிப் பார்க்க அறுபது வைத்தாலும் 300தான். ஆனால் இரண்டு நாள் மினிமம் என்றால் 500 கிலோமீட்டருக்குப் பணம். ஓடாத 200 கிலோமீட்டர், வண்டி இரவில் லாட்ஜ் வாசலில் நிற்பதற்கான விலை. இதை மோசடி என்று சொல்ல முடியாது. ஓனருக்கு வண்டி இரண்டு நாள் முடங்குகிறது, தொழில் வழக்கமும் அதுதான். 'ஷெட் டு ஷெட்' என்று ஒரு சொல்லும் உண்டு. மீட்டர் உங்கள் வாசலில் தொடங்காது, வண்டி நிற்கும் இடத்தில் தொடங்கும். ஷெட் திருமங்கலத்தில் இருந்து, வீடு ஊமச்சிகுளத்தில் இருந்தால் நீங்கள் ஏறுவதற்கு முன்பே முப்பது கிலோமீட்டர் ஏறியிருக்கும். முன்கூட்டிக் கேட்டால் ஓனர்கள் மறைக்காமல் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை.

நான்கைந்து பேர் மட்டும் என்றால் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அரசுப் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாக மேலே போய், சுற்றிப் பார்க்க மட்டும் உள்ளூர் டாக்ஸி பேசுவது பல நேரம் பாதிச் செலவில் முடியும். இன்னொரு தொல்லையும் தீரும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் கோடை நெரிசலைக் கட்டுப்படுத்த கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. சொந்த வண்டியில் போகிறவர்களுக்கும் அது இலவசம்தான். "பாஸ் எடுத்துத் தர ஐந்நூறு" என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாடகை குறைவாக வருகிறதே என்று எடுக்கும் வண்டியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது டி போர்டு. அதற்குப் பெர்மிட், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் எல்லாம் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் ஓன் போர்டு. தெரிந்தவர் கார், பக்கத்துத் தெரு பையன் ஓட்டுவான், ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் என்று கிளம்பும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஓன் போர்டு பாலிசியிலேயே, வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். மலைப்பாதையில் ஏதாவது நடந்து, பணம் கொடுத்துத்தான் ஏறினோம் என்று தெரியவந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கப் பார்க்கும். காயம்பட்ட குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192-ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதி வரை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்க வேண்டும்.

சிக்கனத்துக்காகச் சமையல் சாமானோடு கிளம்புவது தென்மாவட்ட டூர்களின் பழைய வழக்கம். வேனின் பின்பக்கம் அடுப்பு, சிலிண்டர், கூடவே ஒரு சமையல்காரர். இது எங்கே போய் முடியலாம் என்பதை மதுரை கண்ணெதிரே பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். தனியார் டூர் குழு மொத்தமாகப் பதிவு செய்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே அறிவித்தது. தீப்பற்றும் பொருளை ரயிலில் ஏற்றினால் ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. டூர் ஏற்பாட்டாளர் "சாப்பாடு நம்ம ஆளே செஞ்சு தருவாரு" என்று சொன்னால், எங்கே வைத்துச் சமைப்பார் என்று கேட்பது பயணியின் உரிமை. வீட்டில் கட்டிக்கொண்டு போகும் புளியோதரைக்குச் சிலிண்டர் வேண்டியதில்லை, இரண்டு நாள் கெடவும் கெடாது.

ரயில் கட்டணம் ஏறிவிட்டது என்று புலம்பாதவர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் புலம்பல் இடம் மாறி விழுவது தெரியும். 2025 ஜூலை 1 முதல் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஏ.சி. அல்லாத வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏ.சி.க்கு 2 பைசா ஏறியது. அதே ஆண்டு டிசம்பர் 26-ல் இரண்டுக்கும் மீண்டும் 2 பைசா. மதுரையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் இரண்டு உயர்வும் சேர்ந்தால் ஆளுக்குப் பதினைந்து ரூபாய் போல வரும். குடும்பத்தின் பையைக் கிழித்தது அதுவல்ல. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டதுதான். அதுவரை 60 வயதான தாத்தாவுக்கு 40 சதவீதமும் 58 வயதான பாட்டிக்கு 50 சதவீதமும் தள்ளுபடி இருந்தது. கொரோனாவோடு போனது திரும்பவில்லை. பிள்ளைகள் கணக்கிலும் ஒரு மாற்றம் 2016 ஏப்ரல் 21 முதல் இருக்கிறது. ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட், பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட். வந்தே பாரத் போன்ற சேர் கார்களில் அந்த அரை டிக்கெட் கிடையாது. ஃபாரத்தில் ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் விட்டு முழுக் கட்டணம் கட்டியவர்கள் ஏராளம்.

அடுத்த கசிவு தட்கல். ஸ்லீப்பரில் ஆளுக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதல். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. மே 1 கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் 2 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். தட்கல்தான் கதி என்றால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்து வைக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அது கட்டாயம். முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் தட்கல் எடுக்கவும் தடை இருக்கிறது. அந்த நேரத்தில் "கன்ஃபார்ம் வாங்கித் தர்றேன்" என்று கூடுதல் பணம் கேட்பவரிடம் எந்த வழியில் என்று கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பப் பெறக்கூடிய பணத்தையும் பலர் கேட்பதில்லை. நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் வாங்கலாம். ஆனால் வண்டி கிளம்புவதற்குள் டி.டி.ஆர். என்ற ரீஃபண்ட் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் கட்டண வித்தியாசம் கிடைக்கும். அதற்கு ரயில் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். இருபது கேட்டால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ரயில் கிடைக்காதவர்கள் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆம்னி பஸ் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு கிடையாது. பண்டிகைக்கு முன் உரிமையாளர் சங்கங்கள் ஒரு கட்டணப் பட்டியல் வெளியிடும். அதற்கு மேல் பிடுங்கினால் போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். விமானத்திலும் இதே கதைதான். 2025 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்கள் கூட்டமாக ரத்தாகி டிக்கெட் விலை எகிறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கி தூரவாரியாக மத்திய அரசு தற்காலிக வரம்பு வைத்தது. சாதாரண நாளில் அப்படி எதுவும் இல்லை. லாட்ஜ் அறைக்கும் இல்லை. சீசனில் அறை வாடகை இரட்டிப்பாவதைச் சட்டம் தடுக்காது. சொன்ன விலைக்கு மேல் வாங்குவதையும், சொன்ன வசதியைத் தராததையும்தான் சட்டம் தட்டிக் கேட்கும்.

வரியில் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 18. ஆக 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. நூறு ரூபாய் கூட்டி 7,600 அறை எடுத்தால் 8,968. அந்த நூறு ரூபாயின் உண்மையான விலை 1,093. மூவாயிரம் ரூபாய் அறைக்கு வரி 150தான் வர வேண்டும். பில்லில் 360 என்று இருந்தால் பழைய விகிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத லாட்ஜ் வரி என்ற பெயரில் எதையும் வாங்க முடியாது. சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி வகுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச் 28-ல் அதை உறுதி செய்தது.

மலிவு அறை தேடும்போது மாட்டிக்கொள்ளும் இடம் கூகுள். ஓட்டல் பெயரில் போலித் தளம், போலி நம்பர், பாதி அட்வான்ஸ், பிறகு சுவிட்ச் ஆஃப். சார்தாம் யாத்திரை விடுதிகள், ஹெலிகாப்டர் டிக்கெட் பெயரில் இப்படி நடப்பதாக 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவே எச்சரித்தது. பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்க வேண்டும். ஓட்டல் பெயருக்குப் பதில் யாரோ தனியாள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். "ரீஃபண்டுக்கு இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பது இரண்டாவது வலை. பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் அழுவதற்கு முன்னால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, கண்காட்சியிலும் மாலிலும் நிரப்பிப் போட்ட கூப்பன். "சார், உங்களுக்கு மூணு நாள் கோவா டிரிப் பரிசு. கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கணும்." ஓட்டல் ஹாலில் காபி, பக்கோடா, இரண்டு மணி நேரப் பேச்சு. எழும்போது கிரெடிட் கார்டில் ஹாலிடே கிளப் உறுப்பினர் சந்தா தவணையாக ஏறியிருக்கும். வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் சின்ன எழுத்தில் இருக்கும். சீசனில் கேட்ட தேதிக்கு அறை இருக்காது. வாயால் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அன்று இரவே ரத்து செய்யக் கோரி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வங்கிக்கும் அனுப்ப வேண்டும். ஒருபக்கமாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று சொல்லி எதிர்க்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தந்திருக்கிறது.

அந்தச் சட்டம் தந்த பெரிய சௌகரியம் வேறு. கொடைக்கானல் ஓட்டலோ மும்பை இணையதளமோ, மதுரையில் குடியிருப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதற்கு முந்தைய படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். நிறுவனங்கள் பல நேரம் அங்கேயே இறங்கி வந்துவிடும். எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதத்தை. "போன்ல சொன்னாங்க" என்ற வழக்கு ஊசிப்போன வடை மாதிரி.

ஆகவே வேன்காரருக்கு அட்வான்ஸ் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்பலாம்: "அண்ணே, சனி ஞாயிறு கொடைக்கானல். டி போர்டு, 12 சீட். மினிமம் 500 கிலோமீட்டர், மீட்டர் எங்க வாசல்ல இருந்து. பேட்டா, ஹில்ஸ் சார்ஜ், டோல், பார்க்கிங் எல்லாம் சேத்து மொத்தம் இவ்வளவு. வண்டி நம்பர் அனுப்புங்க. சரியாண்ணே?" ஓனர் 'மீட்டர் வாசல்ல இருந்து' என்பதில் மட்டும் கொஞ்சம் இழுப்பார். பேசிப் பத்துக் கிலோமீட்டரில் முடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை விடியற்காலை வண்டி வந்து நின்றதும், பாட்டி முன் சீட்டா பின் சீட்டா என்ற பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும்போதே, டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்து மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஏறலாம்.