லாபமும் ஏறுது, வாராக்கடனும் ஏறுது: சோழமண்டலம் ஃபைனான்ஸ் கணக்கை எப்படிப் படிப்பது?

திருத்தங்கல், சிவகாசி பக்கம் ஓடும் குட்டியானைகளின் ஆர்.சி. புக்கைப் பார்த்தால், பலவற்றில் உரிமையாளர் பெயரோடு இன்னொரு பெயரும் இருக்கும். வண்டிக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அது. ‘ஹெச்.பி. இருக்கு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். கடைசி டியூ கட்டி என்.ஓ.சி. வாங்கும் வரை அந்தப் பெயர் போகாது.

இப்படி வண்டியையும் வீட்டுப் பத்திரத்தையும் பிடிமானமாக வைத்துக் கடன் கொடுத்தே வளர்ந்த தமிழ்நாட்டு நிறுவனங்களில் ஒன்று சோழமண்டலம் இன்வெஸ்ட்மென்ட் அண்ட் ஃபைனான்ஸ். முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது, 1978-ல் தொடங்கியது, தலைமையகம் சென்னை. 2024-25 நிதியாண்டில் இதன் நிகர லாபம் சுமார் 4,260 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 3,420 கோடி. அதாவது 24% ஏற்றம். ஓராண்டில் கொடுத்த புதுக்கடன் மட்டும் 1 லட்சம் கோடியைத் தாண்டியது. நிர்வகிக்கும் மொத்தச் சொத்து கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி.

தலைப்புச் செய்தி இதோடு முடிந்துவிடும். பங்கு வைத்திருப்பவர்களும், அப்பாவின் வீட்டுப் பத்திரம் அங்கே இருப்பவர்களும் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். திரும்பி வராமல் போகலாம் என்று அதே ஆண்டில் ஒதுக்கிய தொகை சுமார் 2,500 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு அது 1,300 கோடி அளவில்தான் இருந்தது.

லாபம் எங்கிருந்து வருகிறது?

இது வங்கி இல்லை. சேமிப்புக் கணக்கு கிடையாது, பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்குவதில்லை. வங்கிகளிடமும் கடன் பத்திரச் சந்தையிலும் வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறது. இடையில் நிற்கும் வித்தியாசத்தில் கிளைச் செலவு, சம்பளம், வசூல் செலவு, வாராக்கடன் ஒதுக்கீடு எல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். 2024-25 கணக்கில் 100 ரூபாய் சொத்துக்கு, வரிக்கு முன் மிஞ்சியது மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். ஆயிரக்கணக்கான கோடி என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிற லாபம், உண்மையில் அவ்வளவு மெல்லிய இழைதான். நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வராமல் போனால் அதில் பெரும்பகுதி காலி.

மொத்தக் கடனில் பாதிக்கும் மேல் வாகனக் கடன். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சொத்து அடமானக் கடன். வீட்டுக் கடனும் சிறு தொழில் கடனும் மீதியில் வருகின்றன.

பிடிமானம் இல்லாமல் கொடுத்த அனுபவமும் இந்தக் கம்பெனிக்கு உண்டு. சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியோடு கூட்டு சேர்ந்திருந்த காலத்தில் தனிநபர் கடனில் இறங்கி, 2008-09 நெருக்கடியில் நன்றாக அடி வாங்கியது. அதன்பிறகுதான் வண்டி, சொத்து என்று பழைய பாதைக்குத் திரும்பி, இன்றைய அளவுக்கு வளர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் செயலிக் கம்பெனிகளோடு சேர்ந்து சிறு கடன்களில் மறுபடி கால்வைத்தது. அங்கேயும் வசூல் தடுமாற, அந்தக் கூட்டுகளைக் குறைக்க வேண்டிவந்தது. சூடு ஆறியதும் மறந்துவிடுவது ஃபைனான்ஸ் தொழிலில் புதிதில்லை!

ஒரே கம்பெனிக்கு இரண்டு வாராக்கடன் சதவீதமா?

2025 மார்ச் இறுதி நிலவரப்படி இதன் ‘மூன்றாம் நிலை’ கடன் 2.81%. ரிசர்வ் வங்கி விதிப்படி பார்த்தால் வாராக்கடன் 3.97%. இரண்டும் சரியான கணக்குதான். அப்படியானால் நடுவில் இருப்பது யார்?

டியூ தேதி தாண்டி 90 நாளுக்கு மேல் போனால் கடன் வாராக்கடன் பட்டியலில் விழும். நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் முறையில், பாக்கியில் கொஞ்சம் கட்டி 90 நாளுக்குள் வந்துவிட்டால் மூன்றாம் நிலையிலிருந்து மேலே ஏறலாம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி கறாராகச் சொல்லிவிட்டது: ஒருமுறை விழுந்துவிட்டால், வட்டியும் அசலும் சேர்த்து மொத்தப் பாக்கியையும் கட்டினால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். ஒரு டியூ கட்டியது கணக்கில் சேரும், ஆனால் பட்டியல் மாறாது.

ஆக, இரண்டு சதவீதத்துக்கும் இடையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அடியோடு கட்டாமல் விட்டவர்கள் இல்லை. விழுந்து, பாதி எழுந்தவர்கள். அவர்களின் கடன் மட்டும் 2,000 கோடிக்கு மேல் வரும்.

திருத்தங்கல் மாதிரி ஊர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகப் புரியும். 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த இந்த ஊரின் வரும்படி, பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத்தோடு கட்டிப்போட்டது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. பண்டிகை முடிந்தால் பட்டாசு லோடு படுத்துவிடும். காலண்டர், டைரி லோடு ஆண்டு இறுதி வரை கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பேரியம் பட்டாசுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் போட்ட தடை போல ஏதாவது வந்தால் சீசனே சுருங்கும். வரும்படிக்கு சீசன் உண்டு, டியூ தேதிக்கு இல்லை. “லோடு வரட்டும்ணே, சேர்த்துக் கட்டிருறேன்” என்று வசூலுக்கு வருபவரிடம் சொல்வது பல நேரம் பொய்யில்லை. ஆனால் 91-வது நாள் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது. சிபில் அறிக்கையில் ஏறிவிடும், அடுத்த கடனுக்கு வட்டி கூடும்.

இன்னொரு நுணுக்கம். புதிதாகக் கொடுத்த கடன் முதல் சில மாதங்களில் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். கடன் வேகமாக வளரும்போது, வாராக்கடன் சதவீதம் இயல்பாகவே குறைந்து காட்டும். அப்படி வளர்ந்த ஆண்டிலும் மூன்றாம் நிலை 2.48%-லிருந்து 2.81%-க்கு ஏறியிருக்கிறது என்றால், பழைய கடன்களில் தடுமாற்றம் கூடியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு இல்லை. லாப ஏற்றத்தை மட்டும் பார்த்துக் கைதட்டும் நிலையும் இல்லை.

வண்டி வேறு, பத்திரம் வேறு

வண்டி நாளுக்கு நாள் தேயும் பிடிமானம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18% ஆனது. புது வண்டி வாங்குபவருக்கு நல்ல செய்தி. பழைய விலையில் வாங்கி இன்னும் டியூ கட்டிக்கொண்டிருப்பவருக்கு? புதுசு மலிந்தால் பழசின் விலையும் இறங்கும். வண்டியை சீஸ் பண்ணி விற்றாலும் பாக்கி தீராமல் போகலாம். அது கம்பெனிக்கும் நஷ்டம், மீதியைக் கட்டவேண்டிய வண்டிக்காரருக்கும் நஷ்டம். கைப்பற்றுவதற்கு முன் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு ஆகியவை கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கையெழுத்துப் போடும் அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பவர் குறைவு.

சொத்து தேயாது. ஆனால் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன் வாராக்கடன் ஆனால், சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே சொத்தை எடுக்கும் நடவடிக்கையில் பெரிய நிதி நிறுவனங்கள் இறங்கலாம். மிஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்த அச்சகக்காரர், வண்டிக் கடனை ஒரு மாதம் தள்ளினாலும் இதைத் தள்ளாமல் கட்டுவதற்குக் காரணம் அதுதான்.

கட்டி முடித்தவர்களுக்கு: 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தால் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.