மரையில் கசியும் காவிரி

மல்லேஸ்வரத்தில் பழைய வீடொன்றின் மேல்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரு நகரமே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குளியலறைக் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் நொடிக்கொரு துளி சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளியை வைத்துவிட்டு நான் வங்கிக்குப் புறப்பட்டுவிடுவேன்.

ஒரு நாள் கீழ்த்தளத்து வீட்டுக்கார அம்மா என்னை அழைத்துத் தம் பூஜை அறைச் சுவரைக் காட்டினார். சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தது. சுவாமி படங்கள் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தன. வாளியில் விழுந்தது போக மீதி நீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் உறுத்தலாயிற்று.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். இருபது துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கொரு துளி என்பது நாளொன்றுக்கு 4.3 லிட்டர், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கும் மேல். தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, அரை கிலோமீட்டர் உயரம் மின்விசையால் ஏற்றப்பட்டு வரும் காவிரி நீர் அது. குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு ₹5,000 அபராதம் எனக் குடிநீர் வாரியம் அறிவித்ததும் அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான்.

முதலில் இணைப்பின் வெளியே பசை பூசினேன். இரண்டு நாளில் மீண்டும் கசிந்தது. பிறகு டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினேன்; அப்போதும் நிற்கவில்லை. இறுதியில் வந்த முதிய பிளம்பர் ஒருவர் தமிழில் சொன்னார்: "டேப் தண்ணியை நிறுத்தாது சார், மரைதான் நிறுத்தும்."

அவர் கூறியதன் பொருள் இதுதான். ஜி.ஐ. குழாயின் வெளிமரை, நுனியை நோக்கிச் சிறிதளவு குறுகிச் செல்லும். முறுக்க முறுக்க அது ஆப்பு இறங்குவதுபோல் இறுகும். டேப்பின் வேலை, மரை வழுக்கி உள்ளே செல்ல உதவுவதும், எஞ்சிய நுண்ணிய இடைவெளியை நிரப்புவதும் மட்டுமே.

செய்முறை எளியது. முதலில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயில் தேங்கிய நீரை வடியவிட வேண்டும். இணைப்பைக் கழற்றி, பழைய டேப்பையும் துருவையும் கம்பித் தூரிகையால் நீக்க வேண்டும். மரை அரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுவதே முறை. குழாயின் நுனி நம்மை நோக்கியிருக்க, கடிகார முள் சுழலும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்து நான்கைந்து சுற்றுகள் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே அது பிரிந்துவிடும். நான் செய்த பிழை அதுவே. நுனியிலுள்ள முதல் மரையை விட்டுவிட்டால் டேப் நீர்ப்பாதைக்குள் புகாது.

முதலில் கையால் முறுக்கி, பின்பு ஒரு ரெஞ்சால் எல்போவை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் ஓரிரு சுற்றுகள் இறுக்க வேண்டும். ஒரு ரெஞ்சு மட்டும் போதுமென்று பலத்தைக் காட்டினால், சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த குழாய் முறியக்கூடும். குழாயின் வாய் நேராக நிற்பதற்காகச் சற்றே பின்னோக்கித் திருப்பவும் கூடாது. திருப்பினால் இறுக்கம் குலையும். அப்படி நேர்ந்தால் கழற்றிப் புதிதாக டேப் சுற்றுவதே வழி. பிளாஸ்டிக் மரையாயின் மிகையாக இறுக்கினால் வெடித்துவிடும். வாஷர் வைத்த இணைப்பில் நீரைத் தடுப்பது வாஷரே. அதை மாற்றினால் போதும்.

பின்னர் வால்வைத் திறந்து, உலர்ந்த காகிதத்தை இணைப்பில் சுற்றி ஒரு நாள் கவனியுங்கள். காகிதம் நனையாவிட்டால் பணி முடிந்தது. இணைப்பு உலர்ந்திருந்தும் சுவர் ஈரமாகவே இருந்தால் கசிவு உள்ளே இருக்கிறது, பிளம்பரை அழையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு டேப் சுருளும் அரை மணி நேரமும் போதுமானதாயிற்று. கீழ்த்தளச் சுவர் உலர்ந்து, புதுப்பூச்சு ஏற்க மூன்று மாதங்கள் பிடித்தன. அதற்கான செலவை நானே ஏற்றேன். சுவாமி படங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிய அன்று, அம்மா எங்களுக்குக் கோசம்பரி கொடுத்தனுப்பினார்.