பாட்டி வெளியே போகலாமா?

ஐதராபாத் நகரின் கிழக்குப் பக்கம் நாச்சாரம் இருக்கிறது. தொழிற்பேட்டை உள்ள இடம். லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இங்கே உண்டு. நடிகர் என்.டி. ராமாராவ் ராமகிருஷ்ணா ஸ்டூடியோவைக் கட்டியதும் இங்கேதான். நாச்சாரத்திலும் பக்கத்துப் பகுதிகளிலும் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன.

முதியோர் இல்லத்தில் என்ன கிடைக்கும்? நேரத்துக்குச் சோறு கிடைக்கும். கட்டில் கிடைக்கும். மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும். எல்லாம் சரி. அங்கே இருப்பவர் ஆசைப்பட்டால் வெளியே போய் வர முடியுமா? சேர்க்க வரும் மகன் இதைக் கேட்பதில்லை. சேருகிறவரும் கேட்பதில்லை. கேட் சாத்திய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 72. தமிழ்நாட்டுக்காரர். கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி நன்றாக நடக்கிறார். புத்தி தெளிவாக இருக்கிறது.

பாட்டிக்கு வெளியே என்ன வேலை? பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு முழம் பூ வாங்க வேண்டும். கண்ணாடியில் ஒரு திருகு கழன்றுவிட்டது. செல்போனுக்குப் பணம் போட வேண்டும். கிருத்திகை அன்று ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போக வேண்டும். அந்தக் கோயில் செகந்திராபாத்தில் பத்மாராவ் நகரில் இருக்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் அங்கே வருவார்கள். வாய் நிறையத் தமிழ் பேசலாம்.

"எல்லாம்தான் இங்கேயே வந்துவிடுகிறதே, உங்களுக்கு எதற்கம்மா அலைச்சல்?" என்பார்கள் இல்லத்தில். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் ஆள் அனுப்பி வாங்கினால் பூ மட்டும்தான் வரும். தானே போனால் விலை கேட்கலாம். பேரம் பேசலாம். "இது வாடல், வேறு காட்டு" என்று சொல்லலாம். 50 வருடம் குடும்பம் நடத்தியவர் அவர். காய்கறி முதல் கல்யாணச் சேலை வரை பார்த்துப் பார்த்து வாங்கியவர். ஒரு முழம் பூவுக்கு இன்னொருவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

உடம்புக்கும் இது தேவை. உட்கார்ந்தே இருந்தால் கால் தசை வலு இழக்கும். வலு இழந்த கால்தான் தடுமாறும். விழுந்துவிடுவார் என்று பயந்து உட்கார வைக்கிறோம். உட்கார்ந்து இருப்பதாலேயே பிறகு விழுகிறார்! 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்தில் 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் உதவும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கடைத்தெருவுக்கு நடந்து போய் வருவதும் இந்தக் கணக்கில் சேரும்.

இல்லம் நடத்துகிறவருக்குப் பயம் இருக்காதா? இருக்கும். அது நியாயமான பயம். நடைபாதை பல இடங்களில் உடைந்து கிடக்கும். சில இடங்களில் நடைபாதையே இருக்காது. பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகன் இல்லத்தைத்தான் கேட்பார். அதனால்தான் சில மகன்கள் சேர்க்கும்போதே "வெளியே விடாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். பணம் கட்டுகிறவர் சொன்னால் இல்லமும் தலையாட்டுகிறது. பாட்டியை ஒரு வார்த்தை கேட்டார்களா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாட்டில் எங்கும் தடையின்றிப் போய்வரும் உரிமையை அரசியல் சட்டம் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. 60 வயதானால் அந்த உரிமை போய்விடாது. மகன் பணம் கட்டுவதாலும் போய்விடாது. தெளிவான புத்தி உள்ள ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது குற்றம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோர் இயல்பான வாழ்க்கை நடத்தும் அளவுக்குப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சோறும் துணியும் மட்டும் இயல்பான வாழ்க்கை ஆகுமா?

மறதி நோய் உள்ளவர் விஷயம் வேறு. வழி தெரியாமல் போய்விடுவார். அவரைத் தனியே அனுப்பக் கூடாது. அதற்காக அவரை அறையிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். துணைக்கு ஒருவர் போகலாம்.

சரி, நம் பாட்டி எப்படிப் போவார்? 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு. திட்டத்தின் பெயர் மகாலட்சுமி. நகரத்தில் சாதாரண பஸ்ஸிலும் மெட்ரோ எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் போகலாம். கண்டக்டரிடம் ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும். அவர் பணம் வாங்காமல் ஒரு சீட்டுத் தருவார். அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். ஆதாரில் தெலங்கானா முகவரி இருக்க வேண்டும். நம் பாட்டியின் ஆதாரில் பழைய தமிழ்நாட்டு முகவரியே இருந்தால்? காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். முகவரியை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. தாத்தாக்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அவர்கள் பாடு டிக்கெட்தான்.

மெட்ரோ ரயிலும் இருக்கிறது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்பது பஸ். மெட்ரோ ரயில் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரயிலில் இலவசம் இல்லை. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய இந்த ரயில் பக்கத்தில் உள்ள ஹப்சிகூடா வழியாகப் போகிறது. நிலையத்தில் லிஃப்ட் இருப்பதால் படி ஏற வேண்டாம். அங்கே ஏறினால் மூன்றாவது நிறுத்தம் செகந்திராபாத் கிழக்கு. அங்கிருந்து ஆட்டோவில் கோயிலுக்குப் போய்விடலாம்.

முதல் முறை தனியே போக வேண்டாம். தெரிந்தவர் ஒருவரோடு போய் வழியைப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத முற்பகல் நேரம் நல்லது. ஒரு சீட்டில் இல்லத்தின் பெயர், முகவரி, போன் எண், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தெலுங்கிலும் எழுதி வைத்தால் ஆட்டோக்காரருக்குப் புரியும். சர்க்கரை நோய் இருப்பதால் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு மிட்டாயும் வேண்டும். சர்க்கரை குறைந்து மயக்கம் வருவதுபோல் இருந்தால் மிட்டாய் உதவும். செருப்பு வழுக்காமல் இருக்க வேண்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவது இளம் வயதுக்காரருக்கே தொல்லை.

இல்லத்திலும் ஒரு நோட்டு வைக்கலாம். போகும் நேரம், போகும் இடம், திரும்பும் நேரம் மூன்றையும் அதில் பாட்டியே எழுதுவார். பெயர் எழுதக் கற்றவருக்கு இது கடினம் இல்லை. இது அனுமதி கேட்கும் நோட்டு இல்லை. தகவல் சொல்லும் நோட்டு. சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் இல்லத்தார் போன் செய்து விசாரிப்பார்கள்.

கையில் காசு இல்லாமல் எங்கே போவது? பாட்டியின் வங்கி அட்டையும் பாஸ் புத்தகமும் மகனிடமோ இல்லத்திலோ இருந்தால் கதவு திறந்திருந்தும் பயன் இல்லை. குறைந்தது மாதச் செலவுப் பணமாவது பாட்டி கையில் இருக்க வேண்டும். கணவரின் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். செல்போன் மூலமும் தரலாம். நடக்க முடிந்தவர் வங்கிக்கு நேரில் போய்த் தருவதும் நல்லதே. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையோடு கேட்டுவிட்டு வரலாம்.

சேரும்போதே இல்லத்தில் பேசிவிடுவது நல்லது. எத்தனை மணிவரை வெளியே போகலாம்? யாரிடம் சொல்ல வேண்டும்? துணைக்கு ஆள் தருவார்களா? அதற்குத் தனிப் பணம் உண்டா? பதிலை எழுதி வாங்க வேண்டும். பெரியவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பேசியும் வெளியே விட மறுத்தால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது முதியோருக்கான உதவி எண். 2017-இல் டாடா அறக்கட்டளை இந்தச் சேவையை முதலில் தொடங்கியது ஐதராபாத்தில்தான். 2021-இல் இது நாடு முழுவதும் வந்தது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். கட்டணம் இல்லை.