புதிய பொக்ஸ், பழைய ஞாபகம்

வீதியும் வாகனமும் – 23

ஓட்டோ கியர் பொக்ஸ் பழுதாகும்போது காட்டும் அறிகுறிகளைச் சென்ற கிழமை பார்த்தோம். பொக்ஸை மாற்றியே தீரவேண்டும் என்று முடிவான பிறகு செய்யவேண்டியது என்ன என்பதை இந்தக் கிழமை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல பொக்ஸுகள் அநியாயமாகக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஜப்பான் கார் ஒன்று இரண்டாம் கியருக்கு ஏறும்போது சறுக்குகிறது என்று வையுங்கள். கராஜில் விடுகிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து, ஜப்பானில் கழற்றிய பாவித்த பொக்ஸ் ஒன்று லொறியில் வந்து சேர்கிறது. இறக்கி ஏற்றிப் பூட்டி, ஒயில் விட்டு, எஞ்சினை ஸ்ராட் செய்து 'டி' யில் போட்டால் கார் ஒரு உதறலோடு துள்ளுகிறது.

"தம்பி, பழையது வழுக்கினது. இது அடிக்குதே?"

"பொக்ஸ் நல்லது ஐயா. ஒரு கிழமை ஓடுங்கோ, தானாப் பழகிடும்."

ஒரு கிழமை ஓடியும் பழகவில்லை. பொக்ஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பி வேறொன்று எடுக்கிறார்கள். அதுவும் அடிக்கிறது. கடைசியில் ஓட்டோ கியரே வேண்டாம் என்று காரை வந்த விலைக்கு விற்றுவிடுகிறார் உரிமையாளர். இப்படித் திரும்பிப்போகும் பொக்ஸுகள் பலவற்றில் ஒரு குறையும் இருப்பதில்லை. குறை, பொக்ஸை ஆளும் கொம்பியூட்டரின் ஞாபகத்தில் இருக்கிறது.

ஓட்டோ பொக்ஸுக்குள் கிளச் பிளேற்றுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்குவது ஒயில் அழுத்தம். அந்த ஒயிலுக்கு வழியைத் திறந்து மூடுவது சொலினொயிட் வால்வுகள். வால்வுகளுக்குக் கட்டளை கொடுப்பது கொம்பியூட்டர். ரொயோட்டாவின் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சினை ஆளும் கொம்பியூட்டரே கியரையும் ஆளும். நிசான் போன்றவற்றில் கியருக்கென்று தனிப்பெட்டி உண்டு. பொக்ஸுக்குள் போகும் தண்டு எவ்வளவு சுற்றுகிறது, வெளியே வரும் தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்பதைச் சென்சர்கள் ஓயாமல் அளந்து அனுப்புகின்றன. கியர் மாறும் கணத்தில் எஞ்சின் வீணாக உறுமி ஏறினால், பிளேற் பிடிக்கச் சுணங்குகிறது என்று கொம்பியூட்டர் கண்டுகொள்ளும். அடுத்த முறை ஒயிலைச் சற்று முந்தியே, சற்றுக் கூடிய அழுத்தத்தோடு அனுப்பும். அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும்.

வருடக்கணக்காக இது நடக்கிறது. பிளேற் தேயத் தேய, இடைவெளி கூடக் கூட, கணக்கும் மாறிக்கொண்டே போகிறது. ஓட்டுபவருக்குத் தேய்மானம் தெரியாமல் போவதே இதனால்தான். பிறகு ஒரு நாள் தேய்ந்த பொக்ஸை எடுத்துவிட்டுத் தேயாத பொக்ஸைப் பூட்டுகிறோம். கொம்பியூட்டருக்கு அது தெரியாது. கிழவனுக்குக் கொடுத்த அழுத்தத்தையே இளைஞனுக்கும் கொடுக்கிறது. அதுதான் அந்த உதறல். சில பொக்ஸுகளில் இதற்கு நேர்மாறாக அழுத்தம் போதாமல் போகும். அது இன்னும் ஆபத்து. உதறல் தெரியாது, சத்தம் தெரியாது, பிளேற் உள்ளுக்குள் சறுக்கிச் சறுக்கி எரியும்.

"தானாப் பழகிடும்" என்பது முழுப் பொய்யல்ல. கொம்பியூட்டர் பழகத்தான் செய்யும். ஆனால் பிழையான இடத்திலிருந்து தொடங்கி, தனக்கு விதித்த எல்லைக்குள் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகவே அது நகரும். சரியான இடத்துக்கு அது வந்து சேருமுன் நல்ல பிளேற்றின் ஆயுளில் ஒரு பங்கு போய்விடுகிறது. பொக்ஸையோ எஞ்சினையோ கொம்பியூட்டரையோ மாற்றினால் பழைய ஞாபகத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கவிட வேண்டும் என்று ரொயோட்டாவின் பட்டறைக் கைநூலே சொல்கிறது. அது கட்டாய வேலை. மனமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற வகையைச் சேர்ந்ததல்ல.

இந்த விடயம் இப்போது ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியின் பாரத்தால் புதியது எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. ஆக, இருக்கும் வாகனத்தைத்தான் ஓட்டியாக வேண்டும். பொக்ஸ் மாற்றும் வேலை கூடியதற்கும், அதைச் சரியாகச் செய்யவேண்டிய கட்டாயத்துக்கும் இதுவே காரணம்.

எங்கள் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. சில சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, சத்தத்தைக் காதால் கேட்டே எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தைத் திருத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன உயிர்கள் எத்தனையோ அந்தக் கார்களில்தான் போயின. அந்தக் காதும் கையும் இன்றும் வேண்டும். ஆனால் கொம்பியூட்டருக்குள் எழுதப்பட்ட எண்ணைக் காதால் கேட்க முடியாது.

அந்த ஞாபகத்தை அழித்து ரீசெற் செய்வது எப்படி? ஸ்ரியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்ட்டின் அடியில் பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு சொக்கெற் இருக்கும். ஸ்கானரை, அல்லது கேபிளோடு லப்டொப்பை அதில் மாட்டுகிறோம். கியர் 'பி' யில், கைப்பிரேக் இழுத்தபடி, சாவி ஓனில், எஞ்சின் நிறுத்தத்தில். முதலில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகளை வாசித்து எழுதிவைக்க வேண்டும். அழித்துவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காது. அதன்பின் கியருக்கான பகுதிக்குள் போய் ஞாபகத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுக்கிறோம். சில விநாடி வேலை. ஆனால் அந்தச் சில விநாடியும் பற்றரி தளரக்கூடாது. பொக்ஸ் வரும்வரை கிழமைக்கணக்காகக் கராஜில் நின்ற காரின் பற்றரி பாதி செத்திருக்கும். சார்ஜரைப் பூட்டிக்கொண்டு செய்வதே பாதுகாப்பு. புளூரூத்தில் போனோடு சேரும் மலிவான ஸ்கானர்கள் இந்த வேலைக்கு உதவாது. அவை பெரும்பாலும் எஞ்சின் குறியீட்டை வாசிப்பதோடு நின்றுவிடும்.

பற்றரி மைனஸ் வயரைக் கழற்றி அரை மணி விட்டால் போதும் என்பார்கள். தொண்ணூறுகளின் கார்கள் சிலவற்றில் அது சரிவரும். பின்னால் வந்தவற்றில் கியரின் ஞாபகம் மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் இருக்கிறது. வயரைக் கழற்றினால் றேடியோவின் அலைவரிசையும் ஜன்னல் கண்ணாடியின் ஓட்டோ இயக்கமும்தான் போகும். பொக்ஸின் பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

எல்லாக் கம்பனிக்கும் ஒரே முறை கிடையாது. பெல்ற்றும் கப்பியும் கொண்ட சிவிரி வகை ரொயோட்டாக்களில் ஞாபகத்தை அழித்த பிறகு ஒயில் அழுத்தத்தையும் தனியாக அளவீடு செய்யவேண்டும். விட்டால் பெல்ற் வழுக்கிக் கப்பியில் கீறல் விழும், அதோடு பொக்ஸ் முடிந்தது. ஜட்கோ கம்பனியின் சிவிரி பொருத்திய நிசான்களில் ஒவ்வொரு வால்வுத் தொகுதிக்கும் அதற்கே உரிய அளவுகள் உண்டு. அவை கொம்பியூட்டரில் ஏறவேண்டும். பழைய ஹொண்டா ஃபிற்றில் ஸ்ராட் கிளச்சுக்கு ஒரு பயிற்சி ஓட்டம் இருக்கிறது. ஏழு கியர் இரட்டைக் கிளச் ஹைபிரிட் ஃபிற், வெசல் பற்றித் தனியாகவே எழுதலாம். 2013 – 14 காலத்தில் அவற்றின் கியர் மென்பொருளைத் திருத்துவதற்காக ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள்.

சில ரொயோட்டா பொக்ஸுகளின் வெளிப்புறத்தில் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருக்கும். அதில் எழுத்தும் எண்ணுமாக நீண்ட குறியீடு ஒன்று அச்சிட்டிருக்கும். அந்தப் பொக்ஸின் வால்வுகளுக்கு மட்டும் உரிய திருத்தக் கணக்கு அது, கொம்பியூட்டரில் பதியவேண்டியது. எங்கள் கராஜ்களில் பாவித்த பொக்ஸ் வந்து இறங்கியதும் செய்யும் முதல் வேலை, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பளபளவென்று கழுவுவது. லேபிளும் கரைந்து போய்விடுகிறது. கழுவுமுன் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும்.

ஒயிலையும் சொல்லவேண்டும். அளவுகோல் இல்லாத பொக்ஸுகளில் ஒயில் சுமார் 40 பாகை செல்சியஸில் இருக்கும்போது, எஞ்சின் ஓடியபடி, அடியிலுள்ள நட்டைத் திறந்து மட்டம் பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒயில் ஸ்ராட் செய்யுமுன்பே அந்தச் சூட்டை நெருங்கியிருக்கும். மட்டம் பார்க்க அவகாசம் கிடைக்காது. விடியற்காலையில் செய்யுங்கள். சிவிரிக்குச் சாதாரண ஓட்டோ ஒயில் விடுவது பொக்ஸைக் கொல்வதற்குச் சமம்.

அழித்த பிறகு கற்பிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி 'என்' இலிருந்து 'டி' க்கும், பிறகு 'ஆர்' க்கும் அவசரமில்லாமல் பல தடவை மாற்றுவது தொடக்கம். அதன்பின் ஓட்டம்: அக்சிலேற்றரை ஒரே அளவில் மிதித்து எல்லாக் கியரும் ஏறவிட்டு, பிரேக் தொடாமல் காலை எடுத்து உருளவிட்டு, மீண்டும் நின்ற இடத்திலிருந்து. கே.கே.எஸ். வீதியில் இது நடக்காது. சைக்கிளும் மாடும் குறுக்கே வரும், பிரேக் மிதிக்காமல் நூறு யார் போக முடியாது. கேரதீவு – சங்குப்பிட்டி வீதி இதற்குத் தோதானது. 2011 இல் பாலம் திறந்த பிறகு மன்னார்ப் பக்கம் போகும் அந்த வீதியில் கடலேரி நடுவே நீண்ட நேர்கோடு கிடைக்கிறது.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. குடாநாடு தட்டையான நிலம். இங்கே நன்றாக ஓடும் பொக்ஸ் ஏற்றத்தில் என்ன செய்யும் என்று இங்கே தெரியவராது. குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது மலை ஏற்றத்தில்தான் சறுக்கல் வெளிப்படும். ஆகவே ஓடிப்பார்க்கும்போது நாலு பேரை ஏற்றி, ஸ்கானரை மாட்டியபடி, உள்தண்டு வெளித்தண்டுச் சுழற்சிகளைத் திரையில் பார்த்துக்கொண்டு ஓடவேண்டும். உடம்புக்குத் தெரியாத சறுக்கல் திரையில் தெரியும்.

கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் அதிகம் ஓடும் கார்களுக்கு மட்டுமாவது இந்த ரீசெற் முறைகளைத் தமிழில் ஒரு சிறு கைநூலாகத் தொகுத்துத் தாருங்கள். ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் அது இருந்தால் எத்தனையோ பொக்ஸுகள் தப்பும்.

வாசகர்களுக்கு: பொக்ஸ் மாற்றிய காரை எடுக்கப் போகும்போது, ஞாபகம் அழித்தாயிற்றா, எந்த ஸ்கானரால், ஒயில் என்ன பெயர், எங்கே ஓடிப்பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். பதில் கிடைக்காவிட்டால் மிச்சக் காசைக் கொடுக்காமல், அன்றே ஸ்கானர் உள்ள கராஜுக்குக் காரைக் கொண்டுபோங்கள்.

(அடுத்த கிழமை: கிளச்சும் பெல்ற்றும் இல்லாத அக்வா, பிரியஸ்)