நோவும் மூளையும்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் உளது. அங்குள்ள திரௌபதையம்மன் ஆலயத்தின் ஆண்டு விழாவிலே தீமிதிப்புச் சிறப்பிடம் பெறுகின்றது. விரதங்காத்த அடியார்கள் தணல் பரப்பிய குழியை வெறுங்காலுடன் கடந்து செல்வர். அவர்களுக்கு நோவு தோன்றுவதில்லையோ எனக் காண்போர் வியத்தல் இயல்பே.

இவ்வினா இரு கூறுகளையுடையது. கால் வெந்துபோகாமை ஒன்று; நோவும் அச்சமும் உள்ளத்தை வெல்லாமை மற்றொன்று. முன்னையதற்குப் பௌதிகம் விடை தருகின்றது. நீறு பூத்த தணல் வெப்பத்தை மெல்லவே கடத்தும். பாதம் அதிற் படியும் நேரமும் மிகச் சிறிது. தயங்கி நிற்பவரின் கால் சுடப்படுதலும் உண்டு. பின்னையதற்கான விடையோ மூளையிலே தேடப்படவேண்டியதாகும்.

மண்டையைத் திறவாமலே மூளையின் தொழிற்பாட்டைக் காணும் முறைகளுள் காந்தப் புலத்தைப் பயன்படுத்துவது சிறந்ததொன்று. சேய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய விஞ்ஞானி 1990இல் அதற்கு அடிகோலினார். மூளையில் ஒரு பகுதி தொழிற்படும்போது ஒட்சிசன் மிகுந்த குருதி அங்கே பெருகும். அம்மாற்றத்தையே பொறி பதிவுசெய்கின்றது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் போல, குருதியைக் கொண்டு நரம்பின் தொழில் அறியப்படுகின்றது.

அப்பொறியினுள்ளே அசையாது கிடத்தல் வேண்டும். ஆதலின் தணல்மேல் நடப்பவரின் மூளையை அவ்வாறு படம்பிடித்தல் இயலாது. எனினும் ஆய்கூடச் சோதனைகள் சில இவ்விடயத்துக்கு ஒளியூட்டுகின்றன. 1997இல் கனடாவின் ரென்வில் என்பாரும் பிறரும், வேறொரு படமுறையைக் கையாண்டு, சுடுநீரிற் கையை அமிழ்த்தியோரை ஆராய்ந்தனர். நோவின் துன்பம் கூடுவதாகவோ குறைவதாகவோ அறிதுயிலில் ஆலோசனை கூறப்பட்டபொழுது, மூளையின் நடுப்புறத்து முன்வளைவில் மாற்றம் காணப்பட்டது. தொடுகையை அறியும் புறணியிலோ அத்தகைய மாற்றம் தோன்றவில்லை. நோவை அறிதல் வேறு, நோவால் வருந்துதல் வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

2008இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 12 கத்தோலிக்கரையும் சமயப்பற்றில்லாத 12 பேரையும் சோதித்தனர். மின்னதிர்வு பெறுகையில் கன்னிமரியாளின் ஓவியத்தை நோக்கிய கத்தோலிக்கருக்கு நோவு குறைந்து தோன்றியது. உணர்ச்சியை அடக்கியாளும் வலப்பக்க முன்மூளைப் பகுதியும் அவர்களிடத்துத் தொழிற்பட்டது. சோதிக்கப்பட்டோர் சிலரே, அவர்தம் சமயமும் வேறு. ஆயினும், நம்பிக்கை நோவின் பொருளை மாற்றவல்லது என்னும் கருத்துக்கு இது அரண் செய்கின்றது.

நோய்நிலையிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகின்றது. மூளையின் மடிப்பினுள் மறைந்துள்ள இன்சுலா என்னும் பகுதி பழுதுற்ற சிலர், நோவை நோவென்றே அறிந்தும் அதற்கு அஞ்சுவதில்லை. சுடுபொருளிலிருந்து கையை விலக்குவதுமில்லை. இது பேறன்று, பேரிடராகும். இதற்கு மாறாக, காயம் ஆறிய பின்னரும் ஆண்டுக்கணக்காக நோவால் வாடுவோர் பலர். புறத்தே புண் காணப்படாமையால் அவர்தம் துன்பம் வெறும் பாசாங்கெனப் பழிக்கப்படுவதுமுண்டு. நோவு உருப்பெறுமிடம் மூளையே என்பதை உணர்ந்தார் அவ்வாறு பழியார்.

படம் குருதியின் பெருக்கைக் காட்டும். அடியாரின் பக்தியை அளந்து காட்டாது. தீயைக் கடக்கும் உறுதியும், தீராத நோவைத் தாங்கும் அவலமும் ஒரே மூளையின் தொழில்களாம். முன்னையதை வியப்போர் பின்னையதற்கு இரங்கவும் கடமைப்பட்டவராவர்.