தோட்டத்துக் காமிராவுக்கு இரவு முழுதும் மின்சாரம்

பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் விவசாயிகள் பலர் ஊருக்குள் அல்லாமல் தோட்டத்துச் சாளைகளிலேயே குடியிருக்கின்றனர். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைக்குச் சென்றுவிட, இரவில் முதியவர்கள் தனித்திருப்பது உண்டு. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தினர் மூவர் கொல்லப்பட்டனர். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் வசித்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டனர். பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொல்வதும் தொடர் தொல்லை. இதனால் தோட்டங்களில் கண்காணிப்பு காமிரா பொருத்தப்படுகிறது.

ஆனால், மின்சாரம் நின்றால் காமிராவும் நின்றுவிடும். கெட்ட எண்ணத்துடன் வருபவன் மின்கம்பியைத் துண்டித்தாலும் இதே நிலைதான். எனவே மின்வெட்டு நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை 12 மணி நேரம் தாங்கும்படி மாற்று மின்சாரம் அமைக்க வேண்டும்.

எவ்வளவு தேவை?

இரவில் பார்க்கும் சிறிய காமிரா ஒன்றுக்குச் சுமார் 5 வாட் தேவை. நான்குக்கு 20 வாட். பதிவு செய்யும் ரெக்கார்டருக்கும், செல்போனில் படம் பார்க்க உதவும் இணையப் பெட்டிக்கும் சேர்த்து இன்னொரு 20 வாட். மொத்தம் 40 வாட். 12 மணி நேரத்துக்கு 480 வாட்மணி ஆகிறது.

எது ஏற்றது?

கம்ப்யூட்டருக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். விலை குறைவு. ஆனால் அதிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி பேட்டரியில் மொத்தமே 84 வாட்மணிதான். இரண்டு மணி நேரத்தை எட்டுவதே அரிது.

வீட்டில் 150 ஆம்பியர்மணி பேட்டரியுடன் இன்வர்ட்டர் இருந்தால் அதுவே போதும். அதன் 1,800 வாட்மணியில் பாதியை மட்டும் செலவிட்டால் பேட்டரி நீடித்து உழைக்கும். இன்வர்ட்டர் தனக்கென எடுப்பதையும் சேர்த்து 60 வாட் என்று கொண்டால் 15 மணி நேரம் வரும். அதிலேயே 75 வாட் மின்விசிறியும் ஓடினால் ஆறேழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே காமிராவுக்குத் தனி இன்வர்ட்டர் வைப்பது நல்லது.

காமிராவும் ரெக்கார்டரும் 12 வோல்ட்டில் இயங்குபவையானால் இன்வர்ட்டர் இன்றி 100 ஆம்பியர்மணி டியூபுலர் பேட்டரியிலிருந்தே நேராக மின்சாரம் தரலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் வருமாதலால், 12 வோல்ட்டாகச் சீராக்கும் கருவியும் பியூசும் அவசியம். தொலைவிலுள்ள காமிராவுக்கு மெல்லிய ஒயர் இழுத்தால் வோல்ட்டேஜ் குறைந்து இரவில் படம் மங்கும். தடித்த ஒயரே தேவை.

பழைய டிராக்டர் பேட்டரியைப் பயன்படுத்த வேண்டாம். அது இஞ்சினைக் கிளப்ப மட்டுமே செய்யப்பட்டது. இரவு முழுதும் மெல்ல வடிந்தால் விரைவில் கெட்டுவிடும்.

சூரியசக்தி

மின்கம்பி எட்டாத பட்டிக்குச் சூரியத் தகடும் சிம் கார்டும் கொண்ட தனிக் காமிரா உதவும். இவ்வகையில் பல, அசைவு தென்பட்டால் மட்டுமே பதிவு செய்யும். நான்கு காமிராக்களும் முழு நேரமும் சூரியசக்தியிலேயே இயங்க வேண்டுமானால் சுமார் 300 வாட் தகடு தேவை. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தையும் கருதி, சாளையில் மின்சாரத்திலும் சார்ஜ் செய்யும் வசதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இலவச விவசாய மின் இணைப்பு பம்பு செட்டுக்கு உரியது. காமிராவுக்கு வீட்டு இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் அளவில்தான் செலவாகும்.

ரெக்கார்டரையும் பேட்டரியையும் பூட்டிய உள்ளறையில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். வைக்கோல், அடுப்பு அருகில் கூடாது. டியூபுலர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவை அவ்வப்போது பார்த்து நிரப்பி வர வேண்டும்.

மாதம் ஒருமுறை மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் பதிவைப் பார்க்க வேண்டும். விடியும் வரை படம் இருந்தால் பேட்டரி நல்ல நிலையில் உள்ளது. நடுவில் நின்றிருந்தால் உடனே சரிசெய்துவிட வேண்டும்.