புகையின் நிறம் சொன்ன பாடம்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



"விறகு எரிகிறது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு பட்டதும் விறகு முதலில் உடைகிறது. உடைந்து வெளியே வரும் ஆவியும் வாயுவும்தான் தீயாக எரிகின்றன. மிச்சமிருக்கும் கரி கடைசியில் எரிகிறது. ஒரு கரிமூட்டத்தையே பறிகொடுத்த பிறகுதான் இந்த விஷயம் என் மண்டையில் ஏறியது.

எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கரிமூட்டம் போடும் தொழில். சீமைக் கருவேலங் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைப்பார். கொஞ்சமாகக் காற்றுப் போக அங்கங்கே ஓட்டை இருக்கும். பிறகு நாள்கணக்கில் ராப்பகலாகக் காவல்தான்.

போன வருஷம் செமஸ்டர் லீவில் ஒருநாள் அத்தை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியவர், "தம்பி, புகை வெள்ளையா வர்ற வரைக்கும் பயமில்ல. நீலமா மாறுச்சுன்னா உடனே ஓட்டைய அடைச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செல்போனைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் மூட்டத்தின் ஒரு பக்கம் உள்வாங்கி, பாதிக் கட்டை சாம்பல்! அப்பா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலேஜ் திறந்ததும் லைப்ரரிக்குப் போனேன். புகை ஏன் நிறம் மாறுகிறது? தேடியதில் கிடைத்ததை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கூட்டாளிகள்

காய்ந்த விறகில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 30 சதவீதம். லிக்னினும் கிட்டத்தட்ட அதே அளவு. சிவில் நண்பர்களுக்கு உடனே புரியும்படி சொன்னால், செல்லுலோஸ் கம்பி, லிக்னின் கான்கிரீட், ஹெமிசெல்லுலோஸ் இரண்டையும் பிணைக்கும் கட்டுக்கம்பி.

சூடு ஏறும்போது இந்த மூன்றும் ஒன்றாக உடைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது.

முதலில் 100 டிகிரியைத் தாண்டும்போது ஈரம் ஆவியாகும். அடர்த்தியான வெள்ளைப் புகை அதுதான். விறகு பச்சையாக இருந்தால் இதற்கே நிறையச் சூடு வீணாகும்.

ஏறக்குறைய 220 முதல் 315 டிகிரிக்குள் ஹெமிசெல்லுலோஸ் உடையும். அதன் சங்கிலியில் அசிட்டைல் தொகுதிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவை கழன்று அசிட்டிக் அமிலமாக வரும். மூட்டத்துப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் புளித்த நெடியும் கண் எரிச்சலும் இதனால்தான். சுமார் 280 டிகிரிக்கு மேல் இந்த உடைப்பே சூட்டை வெளியிட ஆரம்பிக்கும். அதனால்தான் மூட்டம் ஒருமுறை பிடித்துவிட்டால் தானாகவே நடக்கிறது.

அடுத்தது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் ஒழுங்காகக் கோத்த சங்கிலி என்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 315 முதல் 400 டிகிரிக்குள் மளமளவென்று உடைந்து, லெவோகுளுக்கோசான் என்ற பொருளும் பிற ஆவிகளும் வெளிவரும்.

லிக்னின்தான் அழுத்தக்காரன். 160 டிகிரியிலேயே மெல்ல ஆரம்பித்து 900 டிகிரி வரை இழுத்துக்கொண்டே போகும். இதிலிருந்து ஃபீனால் வகைப் பொருள்கள் வரும். புகைக்கே உரிய அந்த வாசனையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றிலும் அதிகமாகக் கரி தருவதும் இதுதான்.

இப்போது என் தவறு புரிகிறதா? ஆவியாக வேண்டியதெல்லாம் வந்து முடிந்தபின் புகை மெலிந்து நீலமாகும். அதற்கப்புறம் உள்ளே போகும் காற்று எரிப்பதற்குக் கரியைத் தவிர வேறு ஒன்றுமில்லை. நான் தூங்கிய நேரத்தில் எரிந்தது விறகல்ல, அப்பாவின் கூலி.

அவசரப்பட்டு முன்னாலேயே அடைத்தாலும் நஷ்டம்தான். 300 டிகிரியிலேயே நிறுத்தினால் காய்ந்த விறகின் எடையில் சுமார் 42 சதவீதம் கரி கிடைக்கும்; ஆனால் அதில் நிலைக் கார்பன் 68 சதவீதம்தான். அடுப்பில் போட்டால் புகையும். 500 டிகிரி வரை விட்டால் கரி 33 சதவீதமாகக் குறையும். கார்பன் 86 சதவீதமாக உயரும். இது நல்ல சாதனத்தில் கிடைக்கும் கணக்கு. மண் மூட்டத்தில் நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைத்தாலே பெரிது.

ஒரே விறகு, மூன்று எரிபொருள்

நிதானமாகச் சூடேற்றினால் கரி அதிகம். அதே விறகைத் தூளாக்கி, காற்றில்லாமல், 500 டிகிரிக்குச் சட்டென்று கொண்டுபோய், வரும் ஆவியை இரண்டே விநாடிக்குள் குளிரவைத்தால் எடையில் 75 சதவீதம் வரை எண்ணெயாகக் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே டீசல் என்ஜினில் ஊற்றிவிட முடியாது. அதில் தண்ணீரும் அமிலமும் உண்டு. வெப்ப மதிப்பு டீசலில் பாதிகூட இல்லை.

மூன்றாவது வழி, கொஞ்சம் காற்று விட்டு 800 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் வாயுவாக்குவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் ஊர்களில் ஓடிய கரி பஸ்கள் இந்த வாயுவில்தான் ஓடின. விறகையே போட்டால் தார் வந்து வால்வில் ஒட்டும். அதற்காகத்தான் கீழ்நோக்கு வகை வாயுவாக்கியில் ஆவியைச் செக்கச் சிவந்த கரிப் படுகை வழியாக இழுக்கிறார்கள். அந்தச் சூட்டில் தார் பெரும்பாலும் உடைந்து வாயுவாகிவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இத்தகைய வாயுவாக்கியை உருவாக்கி என்ஜின்களை ஓட்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இந்த வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, ஆளையே கொல்லும். மூட்டத்துப் புகையிலும் அது உண்டு. கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிட்டு யாரும் தூங்காதீர்கள்.

இந்த வருஷ புராஜெக்ட்டுக்கு நானும் மூன்று நண்பர்களும் எடுத்திருப்பது ஒரு டிரம் சூளை. மூட்டத்தில் வீணாகப் போகும் புகையைத் திருப்பி அடியில் எரித்து, அந்தச் சூட்டிலேயே விறகைக் கரியாக்குவதுதான் திட்டம். நடுவில் ஒரு தெர்மோகப்பிள். அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "புகையே வராதுன்னா எதைப் பாத்துடா அடைக்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எங்கள் மீட்டர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லும்வரை அவரையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வதாக இருக்கிறோம். இந்த முறை நான் தூங்கமாட்டேன்!